சிறுபான்மைக் கோட்டா உண்டா என்று கேட்ட தம்பிக்கு

தாராபுரம் பக்கத்து ராவுத்தர் வீட்டுத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அத்தா (அப்பா) காலமாகிவிட்டார். கேள்வி கேட்ட தம்பி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டைலர். தங்கச்சி அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன், பயாலஜி குரூப். பத்தாம் வகுப்பில் 500-க்கு 452. டாக்டருக்குத்தான் படிப்பேன் என்று நிற்கிறாளாம். “சிறுபான்மையினருக்கு மெடிக்கலில் தனிக் கோட்டா இருக்கிறதா? முதல் தடவை நீட்டில் வரவில்லை என்றால் நர்சிங் சேர்த்துவிடலாமா, இன்னொரு வருடம் படிக்க விடலாமா? சொந்தக்காரர்கள் இப்போதே கல்யாணப் பேச்சை எடுக்கிறார்கள்” என்பது கேள்வி. கோட்டாவைப் பற்றிக் கேட்டிருந்தாலும் தம்பியின் மனதில் இருக்கும் கேள்வி வேறு என்று நினைக்கிறேன். சுற்றிச் சுற்றிப் போகிற இந்த வழியில் தங்கச்சியை அனுப்பினால் அவளுடைய வருடங்கள் வீணாகிவிடுமா, அந்தப் பழி அண்ணன் தலையில் விழுமா என்பதுதான் அது. அதை மனதில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

நான் ஈரோடு மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் 26 வருடம் விலங்கியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். மாலை நேரத்தில் நீட் வகுப்பு எடுத்திருக்கிறேன். பிள்ளைகளோடு தாலுகா ஆபீஸ் வாசலிலும் கவுன்சலிங் நடக்கும் இடத்திலும் காத்திருந்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, வருவாய்த்துறை அதிகாரியும் இல்லை. ஆகவே சான்றிதழ் விஷயத்தில் நான் சொல்வதை வழிகாட்டியாக எடுத்துக்கொண்டு, அந்த வருடத்து விவரக்குறிப்பேட்டில் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் கோட்டா. அரசு மருத்துவக் கல்லூரியில் ‘சிறுபான்மைக் கோட்டா’ என்று ஒன்று கிடையாது. உங்களுக்கு இருப்பது பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 சதவீதம். பி.சி.எம். என்று எழுதுவார்கள். மதத்துக்காகத் தந்தது அல்ல அது. கல்வியிலும் சமூகத்திலும் பின்தங்கிய பிரிவு என்பதற்காகத் தந்தது. இந்த வித்தியாசம் தெரியாமல் ‘சிறுபான்மையினர் சான்றிதழ்’ ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்ற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. தங்கச்சிக்கும் சொல்லுங்கள், தெரிந்திருக்க வேண்டியது. சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி அரசாணை என்று ஒன்று இருந்தது. மருத்துவக் கல்லூரியில் 14 இடங்கள் என்றால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பிரிப்பார்கள். செண்பகம் துரைராஜன் என்ற அம்மையார் மருத்துவப் படிப்பில் சேருவதை முன்வைத்துப் போட்ட வழக்கில் 1951-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாது என்றது. அதன் பிறகுதான் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தமே வந்தது. பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீடு அந்தத் திருத்தத்தால் நிலைத்தது. ஆனால் முஸ்லிம்களுக்கு என்று தனியாக இருந்த அந்த ஒரு இடம் போயிற்று. பிறகு பிற்படுத்தப்பட்டோர் என்ற பெரிய வரிசையிலேயே அவர்களும் நின்றார்கள். 2007-இல்தான் தனிப் பங்கு 3.5 சதவீதமாகத் திரும்பி வந்தது. நடுவே 56 வருடம். அத்தனை வருடத்தில் இந்த ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் மனதுக்குள் மட்டும் டாக்டராகிப் பார்த்திருப்பார்களோ என்று அடிக்கடி நினைப்பேன்.

தனியார் சிறுபான்மைக் கல்லூரிகள் வேறு விஷயம். அங்கே அரசுக்கு ஒப்படைக்கும் இடங்கள் 50 சதவீதம், மற்ற தனியார் கல்லூரிகளில் 65 சதவீதம். மீதி இடங்களின் கட்டணம் டைலர் சம்பளத்துக்கு எட்டாதது. அதை விட்டுவிடுவோம்.

உங்கள் தங்கச்சிக்கு உண்மையில் கதவைத் திறப்பது பி.சி.எம். மட்டும் அல்ல, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு. அது 2020-இல் சட்டமானது. எப்படி வந்தது என்று தெரிந்தால் அதன் அருமை புரியும். 1984-இலிருந்து 2006 வரை மாநில நுழைவுத் தேர்வு இருந்தது. 200-க்குப் பாட மதிப்பெண், 100-க்கு நுழைவுத் தேர்வு. 2007 முதல் அதை எடுத்துவிட்டுப் பிளஸ் டூ மதிப்பெண் மட்டும். அந்தப் பத்து வருடத்தில் நம் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் விடுதிப் பள்ளிகள் எப்படிப் பெருகின என்று உங்களுக்கே தெரியும். பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தார்கள். 2017-இல் நீட் முழுமையாக வந்ததும் அதே ஊர்களில் அதே கட்டடங்களில் கோச்சிங் பலகை ஏறியது. வாசல் மாறும்போதெல்லாம் பணம் உள்ளவர்கள் புது வாசலுக்குச் சீக்கிரம் வழி கண்டுபிடித்துவிடுகிறார்கள். நுழைவுத் தேர்வுக் காலத்திலும் சரி, மதிப்பெண் காலத்திலும் சரி, நீட் காலத்திலும் சரி, என் வகுப்புப் பிள்ளைகள் போனது விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான். நீட் வந்ததுதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று சொல்பவர்களோடு இந்த ஒரு இடத்தில் நான் ஒத்துப்போவதில்லை. அதற்கு முன்பும் எங்கள் பிள்ளைகளுக்கு வழி அகலமாக இருக்கவில்லை. 7.5 வந்த முதல் வருடமே எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டும் சேர்த்து நானூறு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மேல் இடம் கிடைத்தது. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

கணக்கைப் பாருங்கள். மாநில ஒதுக்கீட்டில் 1,000 இடம் என்று வைத்துக்கொண்டால் 75 இடம் அரசுப் பள்ளிக்கு. அந்த 75-க்குள்ளும் 69 சதவீத இடஒதுக்கீடு உண்டு. பி.சி.எம். பங்கு இரண்டு அல்லது மூன்று இடம். பொதுப் பிரிவின் 31 சதவீதத்துக்கும் அவளைச் சேர்த்தே பார்ப்பார்கள். மூன்று இடம்தானா என்று தோன்றும். ஆனால் போட்டியிடுபவர்களும் அரசுப் பள்ளியில் படித்து நீட்டில் தகுதி பெற்ற பி.சி.எம். பிள்ளைகள் மட்டும்தான். பொதுவான பி.சி.எம். கட்ஆஃப் பி.சி. கட்ஆஃபுக்குச் சற்றுக் கீழேதான் நிற்கும், 7.5-க்குள் அது வெகுவாக இறங்கும். இன்னொன்று, இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் தனியார் கல்லூரியின் அரசு இடமாக இருந்தாலும் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. இடம் கிடைத்தும் பணம் இல்லாமல் திரும்பி வந்த பிள்ளைகளைப் பார்த்த எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிது.

இதில் ஒரு கண்டிப்பான நிபந்தனை இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நகராட்சி, மாநகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி எல்லாம் அரசுப் பள்ளிதான். ஆனால் அரசு உதவி பெறும் பள்ளி கணக்கில் வராது. நம் முஸ்லிம் பெண் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும் நிறையப் பேர் சிக்குவது இங்கேதான். பக்கத்தில் இருக்கிறது, பெண்களுக்கு மட்டும் உள்ள பள்ளி, நம்ம ஆட்கள் நடத்துவது என்று உதவி பெறும் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டு படிக்க வைத்துவிட்டு ஒன்பதாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு மாற்றுவார்கள். வீட்டு வறுமை அதே வறுமைதான், ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அந்தப் பிள்ளை வெளியே நிற்கிறது. இது நியாயமில்லை என்று எனக்குப் பலமாகவே படுகிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, ஒன்பது முதல் அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

அடுத்தது காகிதங்கள். இயற்பியலைவிட அதிகப் பிள்ளைகளை அலைக்கழித்தது இதுதான். சாதிச் சான்றிதழில் வெறுமனே ‘முஸ்லிம்’ என்றோ ‘இஸ்லாம்’ என்றோ இருந்தால் போதாது. பட்டியலில் இருப்பது ‘லெப்பை’. அதில் ராவுத்தரும் மரைக்காயரும் அடக்கம் என்று பட்டியலே சொல்கிறது. அந்தச் சொற்கள் சான்றிதழில் வர வேண்டும். பள்ளிப் பதிவேட்டிலும் மாற்றுச் சான்றிதழிலும் அதற்கு முரணாக ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் பெயர். உங்கள் வீடுகளில் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டு ஆளுக்கு ஒரு மாதிரி இருக்கும். ஆதாரில் பாத்திமாவுக்கு ஒரு எழுத்து கூடுதல், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ஒரு எழுத்து குறைவு, அத்தா பெயரில் முகமது மூன்று விதம், ஒன்றில் பேகம் உண்டு, இன்னொன்றில் இல்லை. நீட் விண்ணப்பத்தின்போது இதைச் சரிசெய்ய ஓடினால் படிக்க வேண்டிய மாதம் இ-சேவை மையத்தில் கழிந்துவிடும். இப்போது பிளஸ் ஒன்னில் இருக்கிறாள் அல்லவா, இதுதான் நேரம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே ஆதாரை மாற்றிவிடுங்கள். அகில இந்திய ஒதுக்கீட்டின் 15 சதவீத இடங்களுக்கு மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் தனியாக வேண்டும். அங்கே பி.சி.எம். கணக்கும் கிடையாது, 7.5-உம் கிடையாது. இருந்தாலும் வாங்கி வையுங்கள்.

காகிதம் ஒரு வாழ்க்கையையே மடக்கிவிடும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன், கொங்கில் இதைத் தெரிந்தவர்கள் குறைவு. அந்தியூருக்கு மேலே பர்கூர் மலையில் மலையாளி என்ற மலைவாழ் மக்கள் இருக்கிறார்கள், கேரளத்து மலையாளிகள் அல்ல. கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் இருக்கும் அதே மக்கள். அங்கே அவர்கள் பழங்குடியினர், இங்கே இல்லை. பட்டியல் மாவட்டவாரியாகப் போடப்பட்டது. சேலம் மாவட்டம் அதில் இருந்தது, கோயம்புத்தூர் இல்லை. ஈரோடு அப்போது கோயம்புத்தூரோடு இருந்தது, 1979-இல்தான் தனி மாவட்டமானது. என்னிடம் படித்த பர்கூர்ப் பையன் ஒருவனுக்கு விலங்கியலில் நான் சொல்லித்தர எதுவுமே மிச்சமிருக்கவில்லை. கவுன்சலிங்கில் அவன் எஸ்.டி. வரிசையில் நிற்க முடியவில்லை. அதே மதிப்பெண்ணோடு கொல்லிமலைப் பையன் உள்ளே போனான். அந்தப் பையன் மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவனும் என் பிள்ளை மாதிரிதான். ஆனால் பர்கூர்ப் பையனின் முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அவன் இப்போது லேப் டெக்னீஷியன். அவனோடு ஒப்பிட்டால் உங்கள் தங்கச்சியின் காகிதச் சிக்கல் தாலுகா ஆபீஸிலேயே தீரக்கூடியது.

பரீட்சைக்கு வருவோம். 180 கேள்வி, 180 நிமிடம், 720 மதிப்பெண். சரியான விடைக்கு 4, தவறானால் 1 கழியும். உயிரியலுக்கு மட்டும் 90 கேள்வி, 360 மதிப்பெண். அரசுப் பள்ளிப் பிள்ளை நிமிரக்கூடிய இடம் அதுதான். என் வகுப்பில் முன்னேறிய பிள்ளைகள் எல்லோரும் முதலில் உயிரியலில் 300-ஐத் தொட்டார்கள், பிறகு வேதியியல், கடைசியில்தான் இயற்பியல். இயற்பியலில் தெரியாததை ஊகித்து எழுதி, உயிரியலில் சம்பாதித்ததை இழக்காமல் இருப்பதும் ஒரு பயிற்சிதான். என்.சி.இ.ஆர்.டி. உயிரியல் புத்தகத்தை வரி வரியாக மூன்று தடவை படிக்கச் சொல்லுங்கள். தமிழ் வழியா ஆங்கில வழியா என்ற குழப்பம் வரும். தமிழ் வினாத்தாளில் ஆங்கிலமும் கூடவே இருக்கும், மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கிலமே முடிவு. 2018-இல் தமிழ்த் தாளில் 49 கேள்விகள் பிழையாக இருந்தன என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் தரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆகவே தமிழில் எழுதினாலும் கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் தெரிந்துகொள்ள வேண்டும். கல்லூரியில் முதல் வருடம் அனாட்டமி புத்தகத்தைத் திறக்கும்போதும் அது கைகொடுக்கும். ஹிஜாபோடு தேர்வு எழுதலாமா என்று அம்மா கவலைப்படுவார். எழுதலாம். சமய வழக்கப்படி உடுத்துபவர்கள் சோதனைக்காக முன்கூட்டியே வரவேண்டும் என்பதுதான் விதி. முழுக்கை, உலோகப் பொருள் பற்றியெல்லாம் அந்த வருட அறிவிப்பைப் பார்த்து வீட்டிலேயே தயாராகிவிடுங்கள். வாசலில் வைத்து அழுத பிள்ளை உள்ளே போய் இயற்பியல் போட முடியாது.

இப்போது நீங்கள் உண்மையில் கேட்ட கேள்வி. முதல் தடவை வரவில்லை என்றால்? என்னிடம் படித்து டாக்டரானவர்களில் முதல் தடவையிலேயே போனவர்கள் குறைவு. மாநிலத்திலும் இதுதான் நடக்கிறது. இடம் பெறுபவர்களில் ஒரு பெரும் பகுதி ஒரு வருடமாவது விட்டுத் திரும்ப எழுதியவர்கள். எத்தனை தடவை எழுதலாம் என்பதற்கு வரம்பு கிடையாது, 2022-இல் மேல் வயது வரம்பையும் எடுத்துவிட்டார்கள். திரும்ப எழுதுபவர்களுக்கும் 7.5 பொருந்தும். தறி ஓட்டுபவர் வீட்டு அருந்ததியர் பெண் ஒருத்தி முதல் தடவை 130-க்குப் பக்கம் வாங்கினாள். இரண்டாம் தடவை 300-ஐத் தாண்டினாள். இன்று ஹவுஸ் சர்ஜன். ஆனால் இரண்டாம் வருடம் எல்லோருக்கும் இப்படி ஏறுவதில்லை. ஏறியவர்களுக்கும் ஏறாதவர்களுக்கும் நான் பார்த்த வித்தியாசம் புத்திசாலித்தனத்தில் இல்லை. அந்த வருடம் வீட்டில் அவர்களுக்கு என்ன வேலை இருந்தது என்பதில்தான். சமையல், தம்பி தங்கைகள், பகலில் பிசிர் வெட்டும் வேலை என்று வைத்துவிட்டு ‘ஒரு வருஷம் கொடுத்தோமே’ என்றால், அந்த வருடம் உண்மையில் கொடுக்கப்படவே இல்லை. இரண்டாம் தடவைக்கு நான் தைரியமாகச் சரி என்பேன். மூன்றாம் தடவையை இரண்டாவதின் மதிப்பெண்ணைப் பார்த்து முடிவு செய்யுங்கள்: முந்தைய வருட 7.5 பி.சி.எம். கட்ஆஃபுக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் எழுதட்டும், இல்லையென்றால் ஒரு படிப்பில் சேர்ந்துகொண்டு எழுதட்டும்.

சேருகிற படிப்பை முகவர் பேச்சைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். என் மாணவி ஒருத்தியைத் தனியார் நர்சிங் கல்லூரி ஒன்றில் சேர்த்தார்கள். அடுத்த வருடம் அவளுக்குப் பல் மருத்துவம் கிடைத்தது. நான்கு வருடக் கட்டணத்தையும் கட்டினால்தான் அசல் சான்றிதழ் என்று அந்தக் கல்லூரி நிறுத்தி வைத்துவிட்டது. கட்டணப் பாக்கிக்காகச் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. ஆனால் கவுன்சலிங் நாள் நீதிமன்றத்துக்காகக் காத்திருக்காது. அவள் அம்மா தாலிக்கொடியை அடகு வைத்துத்தான் மீட்டார். பி.எஸ்சி. நர்சிங் நல்ல படிப்பு, சந்தேகமே இல்லை. அரசுக் கல்லூரிக்குக் கவுன்சலிங் வழியாகவே போகட்டும், நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண் போதும். கால்நடை மருத்துவத்துக்கும் மாநில இடங்களுக்கு அப்படித்தான். நாமக்கல்லில் பழைய கல்லூரி இருக்கிறது, உங்களுக்குப் பக்கத்திலேயே உடுமலையில் புதிது வந்திருக்கிறது. ஆகவே பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கைவிட்டுவிட்டு நீட் மட்டும் படிக்க விடாதீர்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு மேற்படிப்பில் எது சேர்ந்தாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். சிறியதுதான், ஆனால் பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் அண்ணனிடம் கை நீட்ட வேண்டாம்.

யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாதவையும் உண்டு. அவள் எழுதும் வருடத்தின் கட்ஆஃப் என்ன என்பதை எந்தக் கோச்சிங் சென்டரும் சொல்ல முடியாது. சொன்னால் நம்பாதீர்கள். நீட் போய்விடும் என்று காத்திருக்கவும் வேண்டாம். விலக்கு மசோதாவைச் சட்டமன்றம் 2021-லும் 2022-லும் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுக்கப்பட்டுவிட்டது என்று 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்திலேயே அறிவித்தார். அந்தப் போராட்டம் நடக்கட்டும், நானும் அதை ஆதரிப்பவள்தான். ஆனால் தங்கச்சி இருக்கிற தேர்வுக்குப் படிக்கட்டும்.

கல்யாணப் பேச்சைப் பற்றி நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். எத்தனை தடவை எழுதலாம் என்பதை அம்மாவும் நீங்களும் தங்கச்சியும் உட்கார்ந்து இப்போதே பேசி முடிவு செய்துவிடுங்கள். முடிவு தெரிந்த வீட்டில் சொந்தக்காரர் கேட்டால் அம்மாவுக்குச் சொல்லப் பதில் இருக்கும். ரிசல்ட் வந்த அன்று ராத்திரி அதைப் பேசினால் அந்தப் பிள்ளை தன்னால்தான் வீட்டில் இத்தனை சண்டை என்று நினைத்துக்கொள்ளும்.

தம்பி, நீங்கள் ஒரு விஷயத்தை எழுதவில்லை. தங்கச்சி சின்ன வகுப்பெல்லாம் ‘ஊரிலேயே’ படித்தாள் என்கிறீர்கள். ஆறு, ஏழு, எட்டு எந்தப் பள்ளி, அரசுப் பள்ளியா, உதவி பெறும் பள்ளியா? பழைய மாற்றுச் சான்றிதழின் நகலை எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அதைப் பார்த்த பிறகு மேலே நான் சொன்னதில் எது அவளுக்குப் பொருந்தும் என்று தனியாகச் சொல்கிறேன்.